ஹடர்ஸ்ஃபீல்டில் பிள்ளைப்பேறும் கைக்குழந்தை நலமும், 1936–1960: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹடர்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் கம்பளி நெசவால் வளர்ந்த ஊர். 1951இல் மக்கள்தொகை சுமார் 1,30,000. அந்தக் காலத்துப் பிரசவம், மருத்துவச்சி, பால் பவுடர், தடுப்பூசி பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சட்டங்களும் விதிகளும் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொதுவானவை. ஊருக்கே உரியதை அப்படிக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறோம். பணக் கணக்குக்கு: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

எத்தனையோ ஊர் இருக்க, ஏன் ஹடர்ஸ்ஃபீல்ட்?

குழந்தை பிறந்த செய்தி உடனே சுகாதார அலுவலகத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு வேரூன்றிய ஊர்களில் முதல் வரிசையில் நிற்பது இதுதான். 1904இல் மேயராக வந்த பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் தன் மேயர் ஆண்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பவுண்டு தருவதாக அச்சிட்ட சீட்டைக் கொடுத்தார். குழந்தை உயிரோடு முதல் பிறந்த நாளைக் கண்டால்தான் பணம். அந்த ஆண்டு கணக்கில் சேர்ந்த 112 குழந்தைகளில் 107 பேர் ஒரு வயதைத் தாண்டினார்கள். ஆயிரத்துக்கு நூறுக்கு மேல் சாவது வழக்கமாக இருந்த காலம் அது.

பவுண்டு குழந்தையைக் காப்பாற்றவில்லை. சீட்டுக் கொடுக்கப் போன பெண்கள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, பால் எப்படிக் கொடுக்கிறாள், வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் டாக்டரை வரவழைத்தார்கள். அதனால்தான் பிழைத்தார்கள். பிறந்த சில நாளிலேயே வீட்டுக்குப் போக வேண்டுமானால், பிறந்தது தெரிய வேண்டும். 1906இல் ஹடர்ஸ்ஃபீல்ட் தனிச் சட்டம் பெற்று 48 மணி நேரத்துக்குள் தகவல் தரும்படி ஆக்கியது. 1907இல் நாடு முழுவதற்கும் விருப்பச் சட்டம் வந்தது, 1915இல் அது கட்டாயமானது. கெடு 36 மணி நேரம். நாற்பது, ஐம்பதுகளில் நடந்த எல்லாமே இந்தத் தகவல் அட்டையில்தான் தொடங்கின.

மருத்துவச்சி என்றால் நம்மூர்ப் பேறுகாலப் பாட்டி மாதிரியா?

இல்லை. அப்படிப்பட்ட பெண்கள் அங்கேயும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பிள்ளை பெறவும் வருவார்கள், சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்டவும் வருவார்கள். 1902 சட்டம் பயிற்சி பெற்றுப் பெயர் பதிந்தவரே மருத்துவச்சி என்றது. 1936 சட்டம் அவரைச் சம்பளக்காரர் ஆக்கியது: உள்ளாட்சிகள் முழுநேர மருத்துவச்சிகளை அமர்த்தி, வீட்டுப் பிரசவத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

இந்த இரண்டாவது மாற்றத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கூலிக்கு வேலை செய்யும் மருத்துவச்சி, கூலி போய்விடுமே என்று டாக்டரைக் கூப்பிடத் தயங்கலாம், ஒரே நாளில் மூன்று வீடு ஓடலாம். சம்பளம் வாங்குபவருக்கு அந்த நெருக்கடி இல்லை. பயிற்சி இரண்டு பகுதியாக நடந்தது. ஏற்கெனவே நர்ஸாக இருந்தால் முதல் பகுதி ஆறு மாதம், இல்லாவிட்டால் ஒன்றரை ஆண்டு. இரண்டாம் பகுதி எல்லோருக்கும் ஆறு மாதம். சிக்கல் என்றால் டாக்டரை அழைக்க ஒரு படிவம் எழுதி அனுப்புவார். அப்படி வரும் டாக்டரின் கட்டணத்தை உள்ளாட்சியே ஏற்றது. அது 1918இலிருந்தே உள்ள விதி.

1948 ஜூலை 5க்குப் பிறகு என்ன மாறியது?

அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. டாக்டர், மருத்துவச்சி, ஆஸ்பத்திரி எதற்கும் தாய் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நிர்வாகம் மூன்றாகப் பிரிந்தது. ஆஸ்பத்திரிகள் வட்டார வாரியத்தின் கையில், குடும்ப டாக்டர்கள் தனிக் குழுவின் கீழ், மருத்துவச்சிகளும் வீடு தேடி வரும் சுகாதாரப் பார்வையாளர்களும் குழந்தை நல நிலையங்களும் நகராட்சியிடம். ஒரே கர்ப்பிணியை மூன்று பேர் பார்த்து, மூன்று இடத்தில் எழுதி வைத்தார்கள். இரத்தக் கொதிப்பு ஏறியது ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போனது இந்தப் பிரிவினையின் மிகப் பெரிய குறை.

கையில் கிடைத்த பணம்: 1948இல் பேறுகால உதவித்தொகை 4 பவுண்டு. காப்பீடு கட்டி வந்த வேலைக்காரப் பெண்ணுக்கு வாரம் 36 ஷில்லிங் வீதம் 13 வாரம். 1953இல் உதவித்தொகை 9 பவுண்டானது, வீட்டில் பெற்றால் கூடுதலாக 3 பவுண்டு. இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் வாரம் 5 ஷில்லிங் குடும்பப்படி 1946 ஆகஸ்டிலிருந்தே இருந்தது.

கர்ப்ப காலத்தில் எத்தனை முறை பரிசோதனை? எதைப் பார்த்தார்கள்?

1929இல் சுகாதார அமைச்சகம் வகுத்த வரிசைதான் அப்போதும்: 16ஆவது வாரம், 24, 28, பிறகு 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் பிள்ளை பிறக்கும்வரை வாரம் ஒருமுறை. எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், கால் வீக்கம், குழந்தையின் தலை எந்தப் பக்கம், மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்கும் இதயத் துடிப்பு, மேகநோய்க்கான இரத்தப் பரிசோதனை. ஆர்.எச். இரத்தப் பிரிவைப் பார்ப்பதும் நாற்பதுகளில் சேர்ந்துகொண்டது.

இவற்றில் உயிர் காத்தது சிறுநீர்ப் பரிசோதனை. சோதனைக் குழாயில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகச் சிறுநீரை எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார்கள். அடியில் தெளிவாகவே இருக்கும் நீரோடு ஒப்பிட்டு, மேலே மேகம் போல் கலங்குகிறதா என்று பார்க்கலாம். கலங்கினால் நீர்த்த அசிட்டிக் அமிலம் சில சொட்டு. கலங்கல் மறைந்தால் அது வெறும் பாஸ்பேட். மறையாவிட்டால் ஆல்புமின் என்ற புரதம். அழுத்தம் 140/90ஐத் தொட்டு, ஆல்புமினும் கண்டு, மோதிரம் விரலில் இறுகிவிட்டது என்று அவளே சொன்னால், வலிப்பு வரும் வழியில் இருக்கிறாள் என்று பொருள். அன்றே படுக்கை, ஆஸ்பத்திரி.

வழக்கமான தவறு ஒன்று உண்டு. வெள்ளைப்படுதல் கலந்த சிறுநீரும் ஆல்புமின் காட்டும். அதனால் துடைத்துச் சுத்தம் செய்தபின் இடையில் வரும் நீரைத்தான் பிடிக்கச் சொல்வார்கள். மூன்று வாரம் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிட்டு நேரே வலிப்போடு வந்தவர்களைக் காப்பாற்றுவது மிகக் கடினமாக இருந்தது.

ரேஷன் காலத்தில் கர்ப்பிணிக்குத் தனியாக ஏதாவது கிடைத்ததா?

பச்சை அட்டைப் புத்தகம் கிடைத்தது. கடையில் அதை நீட்டினால் நாளுக்கு ஒரு பைன்ட் பால், கூடுதல் முட்டை, ஆரஞ்சு வந்தால் வரிசையில் முன்னுரிமை. 1940 ஜூலையில் தொடங்கிய பால் திட்டத்தில் பைன்ட் 2 பென்னி, ஏழைக் குடும்பத்துக்கு இலவசம். பிறகு ஆரஞ்சுச் சாறு அடர்த்தியாகப் புட்டியில் 5 பென்னிக்கும், மீன் எண்ணெய் இலவசமாகவும் குழந்தை நல நிலையத்தில் கொடுத்தார்கள். புகை மூடிய மில் ஊரில் வெயில் அரிது. மீன் எண்ணெய் இல்லாத குழந்தைக்குக் கால் வளையும். பெண் குழந்தைக்கு இடுப்பெலும்பும் குறுகும். இருபது ஆண்டு கழித்து அவள் பிள்ளை பெறும்போது தலை இறங்காமல் நிற்பது அதனால்தான். ரேஷன் முழுதாக முடிந்தது 1954 ஜூலையில்.

யார் வீட்டில் பெற்றார்கள், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்?

1946இல் நாட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆஸ்பத்திரியிலோ பேறுகால விடுதியிலோ நடந்தன. மீதி வீட்டில். தலைப்பிள்ளை, ஐந்தாவதற்கு மேல், இரட்டை, கால் முன்னே வருவது, கொதிப்பு, குறுகிய இடுப்பெலும்பு, இரத்தப் பிரிவுச் சிக்கல் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டுப் பதிவார்கள். ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீடு, தண்ணீர்க் குழாய் முற்றத்தில் இருக்கும் வீடு என்றாலும் எழுதிக் கொடுப்பார்கள். 1959இல் கிரேன்புரூக் குழு எழுபது சதவீதத்துக்கு ஆஸ்பத்திரியில் இடம் வேண்டும் என்றது.

வீட்டில் பிரசவத்துக்கு அறையை எப்படித் தயார் செய்தார்கள்?

ஏழாம், எட்டாம் மாதத்தில் மருத்துவச்சி வந்து அறையைப் பார்ப்பார். முதலில் கட்டில். தாழ்ந்த, நடுவில் குழிந்த கட்டிலில் பிரசவம் பார்க்க முடியாது. இரத்தம் குழியில் தேங்கினால் எவ்வளவு போனது என்று தெரியாது. ஆகவே மெத்தைக்கடியில் பலகை, கால்களுக்குக் கீழே செங்கல். சுவரோடு ஒட்டிய கட்டிலை இரண்டு பக்கமும் நிற்கும்படி நகர்த்துவார்கள்.

மெத்தைமேல் ரப்பர் விரிப்பு. அது இல்லாத வீட்டில் பழுப்புக் காகிதமும் செய்தித்தாளும் அடுக்கடுக்காக. தாள் சுத்தமானது, மலிவு, அழுக்கானால் அப்படியே சுருட்டி அடுப்பில் போடலாம். இரண்டு பீங்கான் பேசின், மூடி போட்ட ஜாடியில் கொதித்து ஆறிய நீர், அடுப்பில் கொதிக்கும் நீர், படுக்கைச் சட்டி, சோப்பு, நகப் பிரஷ், குழந்தைக்குத் தொட்டி. தொட்டி இல்லையென்றால் அலமாரியின் இழுப்பறை ஒன்றைக் கழற்றிப் போர்வை விரிப்பார்கள். பஞ்சும் பேடும் கிருமி நீக்கிக் கட்டிய பொட்டலம் 1948க்குப் பிறகு நகராட்சியிலிருந்து இலவசமாக வந்தது. அதைப் பிரசவம் தொடங்கும்வரை பிரிக்கக் கூடாது. ஆர்வத்தில் பிரித்துப் பார்த்த பொட்டலம் வீண்.

வலி கண்டதும் சோப்பு நீர் எனிமா, குளியல், மயிர் மழிப்பு. இதில் மழிப்பினால் நன்மை இருந்ததாகப் பின்னால் யாராலும் காட்ட முடியவில்லை. அன்றைக்கு அது விதி. அறையில் நிலக்கரி அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பிறந்த குழந்தைக்கு அறை 65–70 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருந்தாக வேண்டும். நஞ்சுக்கொடியை முழுதாக இருக்கிறதா என்று பேசினில் விரித்துப் பார்த்த பிறகு, பெரும்பாலும் அதே அடுப்பில் செய்தித்தாளில் சுற்றி எரிப்பார்கள்.

வலிக்கு என்ன கொடுத்தார்கள்?

லிவர்பூலைச் சேர்ந்த டாக்டர் மின்னிட் 1933இல் செய்த கருவி. நைட்ரஸ் ஆக்சைடையும் காற்றையும் ஏறக்குறையச் சரிபாதி கலந்து, தாய் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் வாயு வரும்படி அமைந்தது. 1936இலிருந்து மருத்துவச்சிகள் தாமே கொடுக்கலாம். டாக்டர் இல்லாத வீட்டில் இதைப் பத்திரமாகக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் முகமூடியில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை. தாய் தன் விரலால் அதை மூடினால்தான் வாயு வரும். மயக்கம் அதிகமானால் விரல் தானே நழுவும், காற்று நுழையும், தெளிந்துவிடுவாள். அதனால்தான் முகமூடியை வேறு யாரும் பிடித்து அழுத்தக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பரிவோடு கணவனோ அம்மாவோ பிடித்தால் அந்தப் பாதுகாப்பே போய்விடும்.

பலருக்கு இது பலன் தராமல் போனது நேரம் தப்பியதால்தான். வாயு வேலை செய்யச் சுமார் முக்கால் நிமிடம் ஆகும். வலி உச்சத்தில் இருக்கும்போது இழுக்கத் தொடங்கினால், வலி போனபின்தான் மயக்கம் வரும். மருத்துவச்சி வயிற்றில் கை வைத்திருந்து, கருப்பை இறுகத் தொடங்கும் அந்த நொடியில், தாய்க்கு வலி தெரியும் முன்பே, “இப்போது” என்று சொல்ல வேண்டும். முன்கூட்டியே, கர்ப்ப காலத்தில், இவளுக்கு வாயு கொடுக்கலாம் என்று டாக்டர் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் வாங்காமல் விட்டவர்களுக்குக் கருவி வாசலில் இருந்தும் பயனில்லை. காற்று பாதி என்பதால் ஆக்சிஜன் பத்து சதவீதமே. அது போதாது என்று தெரிந்து 1970இல் கைவிட்டார்கள்.

பெத்திடின் ஊசியை மருத்துவச்சிகள் தம் பொறுப்பில் போட 1950இல் அனுமதி வந்தது. வழக்கமாக 100 மில்லிகிராம். பிறப்புக்கு நெருக்கத்தில் போட்டால் குழந்தை சோம்பி, மூச்சிழுக்கத் தாமதிக்கும்.

பிரசவ ஜன்னி எப்படி ஒழிந்தது?

முப்பதுகளின் நடுவில் ஆயிரம் பிறப்புக்கு நான்கு தாய்மார் இறந்தார்கள். அந்த எண் நாற்பது ஆண்டாக இறங்கவே இல்லை. குழந்தைச் சாவு 1900இல் ஆயிரத்துக்கு 150க்கு மேல் இருந்து முப்பதுகளில் 60க்கு வந்துவிட்டது. தாய்மார் சாவு மட்டும் அசையவில்லை. காரணங்களில் முதலாவது ஜன்னி, அதாவது பிள்ளை பெற்றபின் கிருமி தொற்றி வரும் காய்ச்சல். அதன் கிருமி ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பெரும்பாலும் அது வந்தது பிரசவம் பார்த்தவரின் அல்லது வீட்டாரின் தொண்டையிலிருந்து. கை கழுவினாலும் முகக் கவசமில்லாமல் குனிந்து பேசினால் போதும்.

1935–36இல் லண்டன் குயின் சார்லட்ஸ் ஆஸ்பத்திரியில் லெனார்ட் கோல்புரூக், பிரான்டோசில் என்ற சிவப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். முன்பு இந்நோயோடு வந்தவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இறந்துகொண்டிருந்த இடத்தில், முதல் 38 பேரில் மூவர்தான் இறந்தார்கள். பிறகு பென்சிலின். 1950இல் எல்லாக் காரணமும் சேர்த்து ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே.

மருந்து மட்டும் போதவில்லை, சீக்கிரம் கண்டுபிடிக்கவும் வேண்டியிருந்தது. அதற்குத்தான் மருத்துவச்சி முதல் மூன்று நாள் காலையும் மாலையும், பிறகு தினமும் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். 1951 விதிப்படி, பிள்ளை பெற்ற பதினான்கு நாளுக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அறிவிக்க வேண்டிய நோய். தொண்டை வலியோ விரலில் சீழோ வந்த மருத்துவச்சி தானே அதிகாரியிடம் சொல்லி, சரியாகும்வரை வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

உதிரப்போக்கு வந்தால் வீட்டில் என்ன செய்ய முடியும்?

இருபது அவுன்ஸுக்கு மேல் இரத்தம் போனால் ஆபத்து என்பது கணக்கு. பெரும்பாலான பெருக்குகள் அவசரத்தால் வந்தவை. குழந்தை பிறந்ததும் கருப்பையைப் பிசைந்தாலோ தொப்புள்கொடியை இழுத்தாலோ நஞ்சுக்கொடி பாதி மட்டும் பிரியும். பிரிந்த இடத்தில் இரத்தக்குழாய்கள் திறந்திருக்க, பிரியாத பாதி கருப்பையைச் சுருங்கவிடாது. சரியான முறை, தொப்புளுக்குக் கீழே கையை அசையாமல் வைத்துக் காத்திருப்பது. கருப்பை உருண்டு கெட்டியாகி மேலே எழும், கொடி தானே நீளும், கொஞ்சம் இரத்தம் கொப்பளிக்கும். இந்த மூன்றும் வந்தபின்தான் வெளியேற்ற வேண்டும்.

1935இல் பிரித்தெடுக்கப்பட்ட எர்கோமெட்ரின் பெரிய துணை. அரை மில்லிகிராம் தசையில் போட்டால் ஏழு நிமிடம் போல, நரம்பில் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் கருப்பை இறுகும். அதற்கும் அடங்காவிட்டால், தெருமுனைத் தொலைபேசிக்கு யாரையாவது ஓடவிட்டு, பறக்கும் படை என்ற அவசரக் குழுவை அழைப்பார்கள். நியூகாசிலில் ஃபார்குவர் மரே 1935இல் அமைத்த முன்மாதிரி அது. டாக்டர், மயக்க மருந்து நிபுணர், நர்ஸ், எல்லோருக்கும் பொருந்தும் ஓ பிரிவு இரத்தம், எல்லாம் ஒரே ஆம்புலன்ஸில் வரும். இரத்தம் வடிந்து அதிர்ச்சியில் இருப்பவளைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, அங்கேயே இரத்தம் ஏற்றி, நிலை தேறியபின் நகர்த்து என்பதுதான் அதன் அடிப்படை. குலுங்கும் வண்டியில் வழியிலேயே இறந்தவர்களைப் பார்த்துக் கற்ற பாடம்.

பத்து நாள் படுக்கையில் கிடத்தியது ஏன்?

கருப்பை பழைய நிலைக்குப் போகவும் அடியிறங்காமல் இருக்கவும் என்று நம்பினார்கள். பதினான்கு நாள் வரை மருத்துவச்சியின் பொறுப்பு. அசையாமல் கிடப்பதால் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருந்தது. ஐம்பதுகளில் சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தப் படுக்கை ஐந்து பிள்ளை பெற்ற மில் தொழிலாளிக்கு ஆண்டுகளில் கிடைத்த ஒரே ஓய்வு என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு நகராட்சி உதவியாளரை அனுப்பும், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம்.

தேவாலயத்தில் நன்றி வழிபாடு முடிக்கும்வரை தாய் அடுத்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்ற வழக்கமும் வடக்கே பல தெருக்களில் இருந்தது. நம்மூர்த் தீட்டு அறிந்தவர்களுக்கு இது புதிதாகப் படாது.

தாய்ப்பால் கொடுத்தார்களா? பால் பவுடர் எப்படிக் கலந்தார்கள்?

கொடுத்தார்கள், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. அதன்பின் விடியும்வரை கிடையாது. பால் ஊறுவதே குழந்தை உறிஞ்சுவதால்தான். உறிஞ்சும் தடவைகளைக் குறைத்துவிட்டு, பால் போதவில்லை என்று புட்டிக்கு மாற்றியது இந்த அட்டவணையின் பெரிய தீங்கு.

அரசாங்கப் பால் பவுடர் 1940இல் வந்தது. ஒரு அவுன்ஸ் கொதித்த நீருக்கு ஒரு டிராம், அதாவது அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு பவுடர் என்பது முழுப் பாலின் அடர்த்தி. ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் இரண்டரை அவுன்ஸ். பத்துப் பவுண்டு குழந்தைக்கு 25 அவுன்ஸ், ஐந்து வேளையாக வேளைக்கு ஐந்து.

கரண்டியைக் கத்தியால் தட்டையாக வழித்து அளக்க வேண்டும். குவித்துப் போட்டாலும் அழுத்திப் போட்டாலும் உப்பு கூடும். குழந்தை தாகத்தால் அழும், அம்மா பசி என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கலப்பாள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துவிட்டால் இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும்.

புட்டி, படகு வடிவத்தில் இரு முனையும் திறந்தது. ஒரு முனையில் காம்பு, மறு முனையில் காற்று புகும் ரப்பர் வால்வு. இரண்டு பக்கமும் பிரஷ் நுழையும் என்பதே அதன் சிறப்பு. காம்பை உள்வெளியாகப் புரட்டி உப்புப் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் கொதிக்க வைப்பார்கள். மில்டன் என்ற கிருமிநாசினிக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு 80 பங்கு நீர், புட்டி முழுதும் மூழ்க வேண்டும், உள்ளே காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. குமிழ் நின்ற இடத்தில் மருந்து படாது.

குறைமாதக் குழந்தைகள் பிழைத்தார்களா?

பிறக்கும்போது எடை ஐந்தரைப் பவுண்டும் அதற்குக் கீழும் என்றால் குறைமாதக் கணக்கில் சேரும். வீட்டிலேயே வைத்தால் குளிர்காற்று அடிக்காத தொட்டியில் உறை போட்ட மூன்று வெந்நீர்ப் பாட்டில். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பினால்தான் சூடு ஏறி இறங்காது. உறை இல்லாத பாட்டிலால் சுட்டுப்போன குழந்தைகள் உண்டு.

கவனிக்க வேண்டிய சின்ன விஷயம்: சாதாரணத் தெர்மாமீட்டர் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான் தொடங்கும். 88 டிகிரிக்குக் குளிர்ந்துபோன குழந்தையும் அதில் 95 என்றே காட்டும். கன்னம் ரோஜாவாகச் சிவந்திருப்பதால் நலமாக இருப்பதாகவும் தோன்றும். தாழ்ந்த அளவு காட்டும் தெர்மாமீட்டர் இருந்தால்தான் உண்மை தெரியும்.

பர்மிங்ஹாமில் மேரி கிராஸ் 1931இலேயே குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1948க்குப் பின் ஆக்சிஜன் கருவிகள் தாராளமாகக் கிடைத்தபோது கண் பார்வை போகும் குழந்தைகள் பெருகியதைக் கவனித்தவர்களில் அவரும் ஒருவர். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கிறது என்பது 1954 வாக்கில் உறுதியானது. பிறகு தேவைக்கு மட்டும், 40 சதவீதத்துக்கு மேல் போகாமல் என்று வரம்பு வைத்தார்கள்.

பல் முளைக்கும்போது கொடுத்த பொடியும் கிரைப் வாட்டரும் ஆபத்தானவையா?

பொடி ஆபத்தானது. அதில் பாதரசம் இருந்தது. சில குழந்தைகளுக்குக் கையும் காலும் இளஞ்சிவப்பாகித் தோல் உரியும், வெளிச்சம் பார்க்காது, பல் விழும், ஓயாமல் அழும். காரணம் தெரியாமலே பல ஆண்டு ‘சிவப்பு நோய்’ என்றார்கள். 1948இல் பாதரசத்தோடு தொடர்பு கண்டு, ஐம்பதுகளின் நடுவில் பொடியிலிருந்து அதை எடுத்ததும் நோயே மறைந்தது.

கிரைப் வாட்டர் நம் வீடுகளுக்கும் வந்த சரக்குதான். நாட்டிங்ஹாமில் மருந்துக்கடை நடத்திய வில்லியம் உட்வர்ட் 1851இல் செய்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே சாராயம். குழந்தை அடங்கியதற்குக் கடைசி இரண்டும்தான் காரணமாக இருந்திருக்கும்.

தடுப்பூசிகள் எப்போது வந்தன?

பெரியம்மைக் குத்தல் கட்டாயம் 1948இல் நீங்கியது. தொண்டை அடைப்பானுக்கு (டிப்தீரியா) 1940இன் இறுதியில் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, முதல் பிறந்த நாளுக்கு முன். 1940இல் 2,480 பேர் இறந்த நோயில் 1950இல் 49 பேர். பதின்மூன்று வயதினருக்குக் காசநோய் ஊசி 1953, போலியோ 1956, கக்குவான் 1957.

ஒரு குறிப்பிட்ட குழந்தையின் பதிவைத் தேட வேண்டும். எங்கே பார்ப்பது?

பலரும் இரண்டு பதிவுகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். 36 மணி நேர அட்டை சுகாதார அதிகாரிக்குப் போனது, பெரும்பாலும் மருத்துவச்சி எழுதியது. 42 நாளுக்குள் பெற்றோர் பதிவாளரிடம் செய்வது வேறு. தேதியோ எடையோ வேண்டுமானால் மருத்துவச்சியின் பதிவேடு உதவும். ஊர் நிலவரத்துக்குச் சுகாதார அதிகாரி ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கை. நகராட்சி ஆவணங்களுக்கு ஹடர்ஸ்ஃபீல்டில் உள்ள மேற்கு யார்க்‌ஷயர் ஆவணக் காப்பகக் கிளையில் தொடங்கலாம்.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. குழந்தைச் சாவு விகிதம் உயிரோடு பிறந்தவர்களை மட்டும் எண்ணும். செத்துப் பிறந்தவர்கள் தனி. 1950இல் நாட்டின் குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 30க்கு இறங்கியபோதும், செத்துப் பிறப்பது ஆயிரத்துக்கு 22க்கு மேலேயே நின்றது. 1958 மார்ச்சில் ஒரு வாரம் முழுக்கப் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு இதைப் பார்க்கத்தான் நடந்தது. செத்துப் பிறந்ததும் முதல் வாரத்தில் இறந்ததும் சேர்த்து ஆயிரத்துக்குச் சுமார் 33.

பிறப்புப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் பெயர் இல்லையென்றால், 28 வாரத்துக்குப் பின் செத்துப் பிறந்த குழந்தையாக இருக்கலாம். 1927 ஜூலையிலிருந்து அதற்குத் தனிப் பதிவேடு உண்டு. அடக்கம் பெரும்பாலும் வேறு யாருடைய குழியிலோ பொதுக் குழியிலோ, தாய் படுக்கையில் இருக்கும்போதே முடிந்தது. பலருக்கு எந்த இடம் என்று சொல்லப்படவே இல்லை. கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேட்டில் தாயின் குடும்பப் பெயரில், குழந்தைப் பெயர் எழுதாத வரியாகத் தேடுங்கள். குழி எண் அந்த வரியில் இருக்கும்.